விதைக்கு விட்ட வெள்ளரி

என் வெள்ளரிக்காயை யாரோ பறித்துவிட்டார்கள்.

சமையலுக்கு வைத்த வெள்ளரி என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். இது விதைக்கு விட்டது. கொடியிலேயே கிடந்து, மஞ்சளாகி, தோல் தடித்து, உள்ளே விதை முற்றின பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். அடுத்த பருவத்து வெள்ளரி அத்தனையும் அதற்குள் இருந்தது. காலையில் காய்கறித் தோலை உரக்குழியில் கொட்டக் கொல்லைப்பக்கம் போனால், வெறும் காம்பு நிற்கிறது. கத்தி வைத்து நறுக்கின காம்பு. எலியும் அணிலும் கத்தி வைத்துக்கொண்டு அலைவதில்லை. இது மனுஷக் கை. கொல்லைக் கதவு எப்போதும் உள்பக்கம் தாழ் போட்டே இருக்கும் என்பதால், எங்கள் வீட்டுக்குள் இருக்கிற கை.

எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. என் வீட்டுக்காரரின் பழைய சிவப்புச் சட்டை ஒன்று காலர் நைந்து, முழங்கை கிழிந்து, இனி கரித்துணிக்குக்கூட ஆகாது என்ற நிலைக்கு வந்தபோது அதை நீளநீளப் பட்டைகளாகக் கிழித்து வைத்தேன். எதில் அந்தச் சிவப்புப் பட்டை கட்டியிருக்கிறதோ அதை யாரும் தொடக் கூடாது. விதைக்கு விட்ட வெள்ளரியில் ஒன்று. முற்றவிட்ட அவரைக் காம்பில் ஒன்று. நாளைக்குப் பாலில் உறை ஊற்ற எடுத்து வைக்கும் தயிர்க் கிண்ணத்தில் ஒன்று. அப்புறம் ரொட்டிக்கான புளித்த மாவில் அடுத்த தடவைக்கு என்று நிறுத்தி வைக்கும் தாய்மாவு ஜாடியில் ஒன்று. பட்டை கட்டினால் அது இன்றைக்கு இல்லை, நாளைக்கு. கடையில் விதை வாங்குவதில்லை, தயிர் வாங்குவதில்லை, ரொட்டி வாங்குவதில்லை. சோப்புகூட மிஞ்சின எண்ணெயில் நானே காய்ச்சுகிறேன். வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் படிக்கிற என் வீட்டுக்காரர் ஒருத்தர் சம்பளத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகளை வளர்க்கிற வீட்டில் வேறு எப்படி ஓட்டுவதாம்?

பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஐந்து வயதுப் பெரியவள் சட்டம் என்றால் நீதிபதி மாதிரி தலையாட்டுவாள். "செவப்பு கட்டினா யாரும் எடுக்கக் கூடாது, அனுப்பக் கூடாது, திங்கக் கூடாது" என்று தம்பிக்குப் பாடம் வேறு நடத்துவாள். இரண்டு வயதுச் சின்னவனுக்கு ஒரு சட்டமும் ஏறாது. பாலைக் கொட்டுவான், ரொட்டியைப் பிய்த்துத் தரையில் விதைப்பான். அப்போதெல்லாம் என் வாயில் வருகிற ஒரே வார்த்தை, "வீணாக்குறவங்களுக்கு இந்த வீட்டுல இடமில்ல." தினமும் சொல்வேன். சில நாள் மூன்று வேளையும் சொல்வேன்.

சரி, யார் பறித்தது? என் வீட்டுக்காரருக்கு வெள்ளரிக்கும் சுரைக்கும் வித்தியாசம் தெரியாது. பிள்ளைகள் கத்தி எடுக்க மாட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஆள். ஊசி அத்தை.

ஊசி அத்தை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். என் வீட்டுக்காரரின் தங்கை, தையல்காரி. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியை ஒருநாள் பூட்டிவிட்டார்கள். ஒரு பையோடும் ஒரு தையல் மிஷினோடும் "ஒரு வாரம்தான் அண்ணி" என்று வந்தவள் மழைக்காலம் முடிந்தும் போகவில்லை. பிள்ளைகள் அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு கடகடவென்று தைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் நாலு பேர் பழைய துணி கொடுப்பார்கள், தைப்பாள், கிடைப்பதை என் கையில்தான் கொடுப்பாள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் நடக்கிற சத்தமே கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பாள். அப்படி நடக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொன்றும் உண்டு. என் அலமாரியில் ஒரு புதுச் சிவப்புத் துணி இருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் என் அக்கா வாங்கித் தந்தது. நல்ல நாளைக்கு என்று வைத்து வைத்து, தைக்கவே இல்லை. வந்த மறுவாரமே இவள் கேட்டாள்.

"அண்ணி, அந்தச் சிவப்புத் துணிய உங்களுக்குத் தைச்சுத் தரட்டுமா? சும்மா கிடக்குதே."

என் அலமாரிக்குள் என்ன கிடக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? "கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெள்ளரி காணாமல் போன அன்று மதியச் சாப்பாட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டே கேட்டேன். "விதை வெள்ளரிய யார் பறிச்சது?"

வீட்டுக்காரர் விழித்தார். பெரியவள் தட்டைப் பார்த்தாள். ஊசி அத்தை வாயைத் திறந்து, மூடி, தண்ணீர் குடித்தாள். அந்தத் திருட்டு முழி போதாதா?

"யாருன்னு எனக்குத் தெரியாம போகாது. தெரிஞ்ச அன்னிக்கு அவங்க மூட்டையைக் கட்டிக்கலாம்."

சின்னவன் கரண்டியால் தட்டைத் தட்டினான்.

அதற்குப் பிறகு நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தேன். அதிக நாள் திரிய வேண்டியிருக்கவில்லை. ஒரு காலையில் தயிர்ப் பானையைத் திறந்தால் தயிர் தயிராக இல்லை. இனிப்பாக, கூழ் மாதிரி வழுவழுவென்று இழுக்கிறது. என் தயிர் கத்தி போட்டால் வெட்டுப்படும். இது என் உறையில் தோய்ந்த தயிரே இல்லை. உறைக் கிண்ணத்தைத் தேடினால் அலம்பிக் கவிழ்த்து வைத்திருக்கிறது, சிவப்புப் பட்டையைக் காணோம். நேராகக் குப்பை வாளிக்குப் போய்க் கையை விட்டேன். அடியில், செய்தித்தாளில் நாலாக மடித்துச் சுற்றி, கடைத் தயிர் பாக்கெட்!

மடித்துச் சுற்றுகிறவள் எதற்குச் சுற்றுகிறாள்? மறைக்கத்தானே?

அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டு நர்ஸக்கா மதில் மேல் தலையை நீட்டினாள். ஊரில் யாருக்கு என்ன நோவு என்று இவளுக்கு டாக்டருக்கு முன்னால் தெரியும்.

"உன் நாத்தனார காய்கறிக் கடையில பார்த்தேனே. பையிலருந்து எதையோ எடுத்துக் கடைக்காரர்கிட்ட காமிச்சிட்டிருந்தா. நான் வர்றதப் பார்த்ததும் படக்குனு உள்ள வச்சுட்டா."

"என்னத்தக் காமிச்சா?"

"எனக்கென்னம்மா தெரியும். உங்க தோட்டத்துக் காயாத்தான் இருக்கணும். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். என் பேரை இழுக்காத."

ஆக, இதுதான் நடக்கிறது. நான் இடுப்பொடிய மண் கொத்தி, சாணி கரைத்து, பூச்சியைக் கையால் பொறுக்கி வளர்ப்பது, இவள் கடையில் கொண்டுபோய் விற்பதற்கா? என் தயிரைத் தின்றுவிட்டுக் கடைத் தயிரை ஊற்றி வைத்தால் எனக்கு நாக்கு செத்துப்போய்விட்டது என்று நினைத்தாளா?

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பிள்ளைகள் அறைக்குள் நுழைந்தேன். கட்டிலுக்கு அடியில் அவள் பை. இழுத்தேன். பையின் கைப்பிடியில், உள்பக்கமாகத் தெரியாதபடி, ஒரு சிவப்புப் பட்டை சுற்றிக் கட்டியிருந்தது. என் வெள்ளரியில் கட்டியது. ஓரத்தில் பச்சைக் கறை இருந்ததால் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் அவள் செருப்பு. இடதுகால் வாரில் இன்னொன்று. மோந்து பார்த்தேன், புளித்த தயிர் வாடை!

அட, என்ன நெஞ்சழுத்தம்! திருடினது போதாதென்று, திருடினதற்கு அடையாளத்தைக் கட்டி வைத்துக்கொண்டு சுற்றுகிறாளே. எதற்கு இப்படிச் செய்கிறாள் என்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. செய்வினை கிய்வினை வைக்கிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் போனது புத்தி. இரண்டையும் அவிழ்க்காமல், பையை இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றால் பொறுமை வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் அடுப்படியில் வைத்து ஒப்பித்தேன். மேஜைக்கு அடியில் பெரியவள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அது அவள் வழக்கமான இடம். அங்கே உட்கார்ந்துதான் இந்த வீட்டின் எல்லாப் பேச்சையும் அவள் கேட்டு வளர்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"என் தங்கச்சி வெள்ளரிக்காய் திருடியா?" என்று சிரிக்கப் பார்த்தார் அவர்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. எத்தனை தடவை கேட்டேன், உங்க தங்கச்சி எப்பக் கிளம்பறான்னு? காதுலயே போட்டுக்கல. இப்ப திருட்டுல வந்து நிக்குது."

"அவளுக்குப் போறதுக்கு எடம் இல்லம்மா."

"ஏன் இல்ல? அந்தத் துறைமுகத்துப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க, விடுதியும் குடுக்கறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது விடுதி இல்ல, கிடங்கு. ஒரு ரூம்ல இருபது பேர். அங்க போக மாட்டேன்னு அவ அழுதா."

"அப்ப என் வீட்டுல எடுத்துத் திங்கலாமா? அவள அனுப்பிடுங்க. இந்த ஞாயித்துக்கிழமை. இல்ல, நான் பிள்ளைங்களக் கூட்டிட்டு எங்கக்கா வீட்டுக்குப் போறேன்."

அவர் எழுந்து போனார். தங்கையிடம் சொல்லிவிட்டார் என்று அன்றைக்கே தெரிந்தது. மிஷின் சத்தம் நின்றுவிட்டது. அவள் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, மறுக்கவில்லை. குற்றம் செய்யாதவள் சும்மா இருப்பாளா என்று நான் நினைத்தேன். நினைத்துவிட்டு நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டி சுடும் நாள். எப்படியிருந்தாலும் போகிறவளுக்கு வழியில் சாப்பிட இரண்டு ரொட்டி கட்டிக் கொடுப்போம், நாளைக்கு நம்மை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று சீக்கிரமே எழுந்தேன். சின்னவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒரு கையால் அவனைத் தூக்கி அத்தையிடம் போகச் சொல்லித் துரத்திவிட்டு, இன்னொரு கையால் கீழ்த்தட்டு ஜாடிகளை எடுத்துப் புளித்த மாவைப் பாத்திரத்தில் கவிழ்த்தேன். ஒரு ஜாடி. அப்புறம் இன்னொரு ஜாடி. உப்பு போட்டேன், எண்ணெய் ஊற்றினேன், மாவு கொட்டி அழுத்திப் பிசைந்தேன். பாதி பிசைந்த பிறகுதான் கை நின்றது.

இரண்டு ஜாடி ஏன்?

எங்கள் வீட்டில் புளித்த மாவு இரண்டு ஜாடியில் இருக்கும். ஒன்று சுடுவதற்கு, இன்னொன்று தாய்மாவு. இரண்டும் ஒரே மாதிரி ஊறுகாய் ஜாடி. வித்தியாசம் அந்தச் சிவப்புப் பட்டை ஒன்றுதான். அது கட்டியிருந்தால் கை தானாக விலகும். கட்டாததை எடுக்கும். இரண்டு ஜாடியையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் பட்டை இல்லை. பெரியவள் பிறந்த வருஷத்திலிருந்து நான் சாக விடாமல் வளர்த்த தாய்மாவை நானே, என் கையாலேயே, உப்பும் எண்ணெயும் போட்டுப் பிசைந்து தீர்த்துவிட்டேன்.

"அடிப் பாவி!" என்று கத்திக்கொண்டு அந்த அறைக்கு ஓடினேன். கையெல்லாம் மாவு.

ஊசி அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கட்டி முடித்த பை. காலடியில் பெரியவள் குந்தி உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அத்தையின் கணுக்காலில் சிவப்புப் பட்டையை முயல் காது மாதிரி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஷூ லேஸ் கட்ட அத்தை சொல்லிக் கொடுத்த முடிச்சு. பையின் கைப்பிடியில் நான் பார்த்ததும் அதே முடிச்சுதான். எனக்குத்தான் அது முடிச்சாகத் தெரியாமல் திருட்டாகத் தெரிந்திருந்தது.

"என்னடி பண்ற?"

பெரியவள் திடுக்கிட்டாள். ஆனால் முடிச்சை விடவில்லை. "செவப்பு கட்டிட்டேன். இனிமே அத்தைய அனுப்பக் கூடாது. நீதான சொன்ன."

"வெள்ளரியில இருந்தத..."

"அது பைக்கு. பை போகாம இருக்க. நீ அப்பாகிட்ட எப்பக் கிளம்பறா, எப்பக் கிளம்பறான்னு கேட்டல்ல? தயிருது செருப்புக்கு. அதுக்கப்புறமும் நீ அனுப்பறேன்னு சொன்ன. அதான் இன்னிக்கு அத்தை மேலயே கட்டிட்டேன்."

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள். இத்தனை நாள் மூடி வைத்திருந்த வாய் அப்போதுதான் திறந்தது.

"வெள்ளரிய நான்தான் பறிச்சேன் அண்ணி. அதுல எதுவும் கட்டல. மஞ்சளாகி வீணாப் போகுதேன்னு பறிச்சு சூப் வச்சேன். நல்லாருக்குன்னு நீங்களே ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சீங்க. மறுநாள் நீங்க கத்துனப்பதான் அது விதைக்குன்னு தெரிஞ்சுது. மூட்டையக் கட்டிக்கலாம்னு சொன்னீங்களா, எனக்குச் சொல்ல தைரியம் வரல. விதையெல்லாம் சூப்புலயே வெந்துபோச்சு. உரக்குழியில இருந்து தோலத் தேடி எடுத்துட்டுப் போய்க் கடைக்காரர்கிட்ட காமிச்சு, இதே ஜாதி விதை கிடைக்குமான்னு கேட்டேன். கிடைக்கல. தயிரும் நான்தான். வெறும் கிண்ணம்னு பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். அப்புறம்தான் பாலுக்கு உறை இல்லைன்னு பயந்துபோய்க் கடையில வாங்கி ஊத்துனேன்."

"பையில கட்டியிருந்தத நீ பாக்கலையா?"

"பார்த்தேன். பிள்ளை விளையாடுதுன்னு நினைச்சேன்."

பட்டை இல்லாததை அவள் எடுத்தாள். பட்டை இல்லாததை நானும் எடுத்தேன். அதே தப்பை நான் செய்து இன்னும் கை காயவில்லை, மாவு ஒட்டியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது? வெட்கம்தான்.

அப்போதுதான் சின்னவனைக் கவனித்தேன். மூலையில் உட்கார்ந்து மிஷின் மிதியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் கணுக்காலிலும் ஒரு சிவப்புப் பட்டை. அவரைக் காம்பில் இருந்தது.

"இவனுக்கு எதுக்குடி கட்டுன? இவன் எங்க போறான்?"

பெரியவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. என் பிள்ளை என்னைப் பார்த்து அப்படிப் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்திருப்பேன், கவனித்ததில்லை.

"இவன் பால் கொட்டுறான்ல. ரொட்டிய வீணாக்குறான்ல. வீணாக்குறவங்களுக்கு இந்த வீட்டுல இடமில்லன்னு நீ சொன்னியே. அத்தைக்கு அப்புறம் இவன அனுப்பிருவ."

தரையில் உட்கார்ந்தேன்.

"யாரு சொன்னா அனுப்புவேன்னு? சொல்றதெல்லாம் செய்வாங்களா?"

"அத்தைய அனுப்பறேன்னு சொன்ன. அனுப்புற."

மாவுக் கையோடு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். சட்டையெல்லாம் மாவானது. அவள் கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். பாவாடையைத் தூக்கி முழங்கால் வரைக்கும் பார்த்தேன். எங்கும் எதுவும் இல்லை.

"உனக்கு ஏன்டி கட்டிக்கல?"

"துணி பத்தல" என்றாள். "நாலுதான் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். தனக்கு மிச்சமில்லை என்று தெரிந்தே மற்றவர்களுக்குக் கட்டி முடித்துவிட்டு, அவளும் என்றைக்காவது அனுப்பப்படலாம் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், என் வீட்டில், என் பிள்ளை. நான் ஓவென்று அழுதேன். சின்னவன் பயந்துபோய்த் தானும் அழுதான். வாசலில் வீட்டுக்காரர் வந்து நின்று, யார் செத்தது என்கிற மாதிரி விழித்தார்.

"வண்டிக்கு நேரமாச்சு..." என்று இழுத்தார்.

"வண்டியாவது மண்ணாவது!" என்றேன். "தாய்மாவு போச்சு. புதுசா வளர்க்கணும். விதை போச்சு. உறை போச்சு. எல்லாத்தையும் முதல்லருந்து ஆரம்பிக்கணும். நான் ஒருத்தியா எத்தனையப் பாப்பேன்? இவ எங்கயும் போகல. போய் அந்தப் பைய அவுத்து வைங்க."

அவர் பையை அவிழ்க்க வந்தார். கைப்பிடியில் இருந்த பட்டையில் அவர் கை பட்டதும் பெரியவள் கத்தினாள், "அப்பா, தொடாத!" அவர் கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி எடுத்துவிட்டார். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். நடக்கிற சத்தம் கேட்காத அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் எழுந்து, பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டே என் அறைக்குப் போனேன். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். அந்தப் புதுச் சிவப்புத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. கொண்டுவந்து மிஷின் மேல் போட்டேன்.

"வெட்டு."

நாத்தனார் துணியை விரித்துத் தடவினாள். "எப்படி தைக்கட்டும் அண்ணி? உங்களுக்குக் கை நீளமா வைக்கவா?"

"எனக்குத் தைக்கச் சொல்லல. பட்டை பட்டையா வெட்டு."

"ஐயோ, புதுசு அண்ணி! நல்ல துணி. ஓரத்துல மட்டும் கொஞ்சம் எடுத்தாலே போதுமே."

"முழுசும் வெட்டுங்கறேன்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். துணி சரசரவென்று பிரிந்தது. முதல் பட்டையை வாங்கி, என் பெரியவளின் கணுக்காலில் சுற்றினேன். மாவுக் கையில் முடிச்சு நழுவியது.

"அப்படி இல்லம்மா" என்றாள் பெரியவள். "முயல் காது போடு. அப்புறம் இன்னொரு தடவை இறுக்கு. இல்லைன்னா அவுந்துரும்."

அவள் சொன்னபடியே போட்டு, இன்னொரு தடவை இறுக்கினேன்.